நாளுக்கு அரை வாட்

ஆகஸ்ட் 10, 2019. சனி.

பதினொரு நாள் காக்க வைத்துவிட்டு இன்று பார்சல் வந்தது. பேட்டரி சாமான் என்று விமானத்தில் ஏற்ற மாட்டான். சென்னைக் கப்பலில்தான் வர வேண்டும். மத்தியானம் கடையைச் சாத்தி, பின்னறையில் உட்கார்ந்து பிரித்தேன். கறுப்பு உடம்பு, இரட்டை பேட்டரி, ஐந்து வாட்டிலிருந்து இருநூறு வரை. அரை அரையாக ஏற்றலாம், இறக்கலாம். பொத்தானில் கட்டைவிரலை வைத்தால் எடுக்க மனசு வரவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "சிகரெட்டை விடுங்க, இல்லேன்னா என்கிட்ட வர்றதை விடுங்க" என்றார். அன்று வேப்புக்கு, ஆவி இழுக்கிற எலக்ட்ரானிக் சிகரெட்டுக்கு, மாறினேன். முதலில் பேனா மாதிரி ஒன்று, ஒரே சூடுதான். பிறகு நாற்பது வாட், எண்பது, நூற்றைம்பது. வாட் ஏற ஏற உள்ளே காயில் என்கிற கம்பிச்சுருள் சூடாகி, பஞ்சில் ஊறிய திரவத்தின் ஆவி கெட்டியாகும். காயில் தாங்காத வாட் வைத்தால் பஞ்சு கருகித் தொண்டையில் அறையும், குறைத்தால் சப்பென்று இருக்கும். ஆளுக்கு ஆள் அளவு வேறு. ஒருவர் மூச்சு இழுப்பதைப் பார்த்தே நான் அவருக்கான வாட்டைச் சொல்லிவிடுவேன். அபர்டீன் பஜாரில் ஃபேனும் சார்ஜரும் விற்கிறவன்தான். ஆனால் இந்தச் சாமானுக்கு போர்ட் பிளேரில் என்னைத்தான் தேடி வருகிறார்கள்.

சிகரெட்டை விட்டேன். வாங்குவதை விடவில்லை. பின்னறைக் கண்ணாடி அலமாரியில் இது முப்பதாவது.

ஷோபா சொல்கிறாள்: "முப்பது பொண்டாட்டி. நான் முப்பத்தொண்ணாவது. சோறு மட்டும் என் கையில."

ஆகஸ்ட் 14. புதன்.

பொன்னம்மா அக்கா வந்தார். மரைன் ஹில்லிலிருந்து ஆட்டோ பிடித்து, மடியில் ஒரு பிஸ்கட் டப்பாவுடன்.

அவர் வீட்டுக்காரர் திருநாவுக்கரசு, தீவுக் கப்பல்களில் சீஃப் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் சீஃப். ஜூலை இரண்டாம் தேதி தூக்கத்திலேயே போய்விட்டார். மூன்று வருஷமாக என் வாடிக்கை. பேனாவில் ஆரம்பித்து, மூன்று தரம் பெரியதாக மாற்றிக்கொடுத்தேன். டப்பாவில் நாலும் இருந்தன.

அக்கா நாலில் மூன்றைத் தள்ளிவிட்டு, கடைசியாக வாங்கிய செம்பு நிறப் பெட்டியை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, இதுல எத்தன தடவ இழுத்தாங்கங்கிற கணக்கு இருக்குமாமே."

"இருக்கும்கா."

"ஜூன் ஒம்பது எங்க கல்யாண நாள். அன்னைக்கு என் கையில அடிச்சு இனிமே தொடமாட்டேன்னார். அதுக்கு முந்தின நாள் உங்க கடைக்கு வந்துட்டுப் போனார். நீங்க நம்பர் குறிச்சு வைப்பீங்கதானே. அப்புறம் ஏறியிருக்கா, பாத்துச் சொல்லுங்க."

நான் காயில் மாற்றினால் தேதி, வாட், இழுப்புக் கணக்கு மூன்றையும் சின்னச் சீட்டில் எழுதி பேட்டரி மூடிக்கு அடியில் வைப்பேன். கடை நோட்டிலும் ஏற்றுவேன். யாரும் என்னிடம் வந்து சாதிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்ட பழக்கம். மூடியைத் திறந்தேன். சீட்டு இல்லை. சீஃப் எறிந்திருப்பார். நோட்டைப் புரட்டினேன். ஜூன் 8: 61 வாட், 4210.

திரையில் 4463.

இருநூற்றைம்பத்து மூன்று இழுப்பு. சத்தியம் பண்ணின பிறகு.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதே நம்பர்தான் அக்கா. ஒண்ணு கூட ஏறல."

"அப்படியா" என்றார். டப்பாவை அப்படியே விட்டுவிட்டு, காசு எதுவும் வேண்டாமென்று போய்விட்டார்.

செத்தவர் பெயரைக் காப்பாற்றினேன் என்று எழுத ஆசை. முழுக்க அது இல்லை. கடைசிவரை இழுத்தார் என்று தெரிந்தால், வினோத்குமார் விற்ற சாமான்தான் கொன்றது என்று மரைன் ஹில் முழுக்கப் பேசுவார்கள். வியாபாரி புத்தி. அந்தச் செம்புப் பெட்டி இப்போது கிடைக்காத மாடல் வேறு. முப்பத்தொன்றாவதாக அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 19. திங்கள்.

செம்புப் பெட்டியில் 4468. வாட் 58.5.

அன்று அவசரத்தில் தப்பாகப் படித்திருப்பேன்.

ஆகஸ்ட் 20. செவ்வாய்.

4469. வாட் 58.

அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. சாவி இன்னொன்று கிடையாது.

உப்புக்காற்றில் பொத்தான் சிக்கித் தானாகச் சூடேறும் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் கடையே எரிந்து போகும். திரவம் ஊற்றும் டேங்கைக் கழற்றிக் கழுவிக் காய வைத்தேன். பேட்டரி இரண்டையும் உருவி மேசை டிராயரில் போட்டேன்.

ஆகஸ்ட் 26. திங்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அலமாரிக் கண்ணாடி பனித்திருந்தது. உள்பக்கம். ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, செம்புப் பெட்டிக்கு நேராக. மழைக்காலம்தான், எல்லாம்தான் பனிக்கிறது. ஆனால் மற்ற கண்ணாடிகள் காய்ந்து கிடந்தன.

திறந்ததும் பான் வாசனை. சீஃப் வேறு ஃப்ளேவர் வாங்கவே மாட்டார்.

செப்டம்பர் 2. திங்கள்.

பதின்மூன்று நாள் பேட்டரி இல்லாமல் கிடந்தது. இன்று போட்டுப் பார்த்தேன்.

4482. வாட் 51.5.

ஒரு நாளைக்கு ஒரு இழுப்பு. ஒரு நாளைக்கு அரை வாட். கூட்டிப் பார்த்தேன், இடையில் ஒரு நாள் கூட விடவில்லை. அக்காவிடம் பொய் சொன்னதற்கு மறுநாளிலிருந்து.

அரை வாட், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். நாளுக்கு அரை வாட் என்பது என் வாய்ச்சொல். விலை கேட்டுவிட்டுத் தயங்குகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன்: "தினம் அரை வாட் குறைங்க, உடம்புக்கே தெரியாது. ஒருநாள் பாத்தா விட்டிருப்பீங்க." சொன்னதும் வாங்கிவிடுவார்கள். அப்படிக் குறைத்து விட்டவர் ஒருவரையும் இதுவரை நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டால் எனக்கு வியாபாரம் ஏது?

திரையின் மூலையில் பூட்டு அடையாளம் இருக்கிறது. ஏற்றும் பொத்தானையும் இறக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் வாட் பூட்டிக்கொள்ளும். பிறகு யார் அழுத்தினாலும் மாறாது. நான் போட்ட பூட்டுதான் அது. அப்படியேதான் இருக்கிறது.

செப்டம்பர் 4. புதன்.

பக்கத்து செல்போன் ரிப்பேர்க் கடை நந்தகுமாரிடம் கொடுத்தேன். ஸ்க்ரூ கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தான்.

"அரே வினோத் அண்ணே, போர்டு ஏக்தம் சாஃப். உள்ள எறும்பு கூட இல்ல. என்ன கம்ப்ளைண்ட்?"

"பேட்டரி இல்லாம நம்பர் ஏறுது. பூட்டியிருக்கு, வாட் இறங்குது."

லென்ஸைக் கழற்றினான். "நேத்து என்ன குடிச்சீங்க?"

"காமெடி பண்ணாத."

"நான் பண்ணல. பேட்டரி இருந்து ஓடலைன்னா நம்ம டிபார்ட்மெண்ட். பேட்டரி இல்லாம ஓடுதுன்னா மந்திர் போய் சாமியக் கேளுங்க." ஸ்க்ரூவை மாட்டி, ஒரு விரலால் என் பக்கம் தள்ளினான். காசு வாங்கவில்லை. நந்தகுமார் காசு வாங்காமல் நான் பார்த்ததே கிடையாது.

செப்டம்பர் 9. திங்கள்.

நானே எடுத்து இழுக்கிறேனா? தெரியாமல்? ஒரு ஆளுக்கு அப்படி ஆகுமா?

டேங்கில் ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 11. புதன்.

ஷோபாவை அலமாரி முன்னால் உட்கார வைத்து, சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் நான் மெரினா பார்க் வரை நடந்துவிட்டு வந்தேன். அவள் அசையவில்லையாம். நடுவில் ஒரே ஒரு தரம் முன்பக்கம் போயிருக்கிறாள், யாரோ ஸ்டூலை இழுத்துப் போட்ட சத்தம் கேட்டு. யாரும் இல்லையாம்.

4491. வாட் 47.

சீஃப் வந்தால் ஸ்டூலைக் கேஷ் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். இதை நான் ஷோபாவிடம் சொன்னதில்லை.

செப்டம்பர் 18. புதன்.

டிவியில் சொல்லிவிட்டான். நாடு முழுக்கத் தடை. விற்கக் கூடாது, இருப்பு வைக்கக் கூடாது. கையில் இருப்பதைப் பட்டியல் எழுதி ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம்.

ஷோபா சோறு போட்டுக்கொண்டே, "எல்லாப் பொண்டாட்டியையும் ஒரே நாள்ல அனுப்பணுமா? பாவம் நீங்க" என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ஒண்ணையும் சேர்த்து அனுப்பிடுங்க" என்றாள். சிரிக்கவில்லை.

4498. வாட் 43.5.

செப்டம்பர் 27. வெள்ளி.

கொண்டுபோய்க் கொடுத்தேன். கடை இருப்பு முழுவதும், என் சொந்தம் முப்பதும், சீஃப்பின் மற்ற மூன்றும். எழுதிக்கொண்ட அதிகாரி, "பஸ், இத்னா ஹி?" என்றார், இவ்வளவுதானா என்று.

"ஜி" என்றேன்.

முப்பத்தொன்றாவது கடையில் இருக்கிறது. விலைக்காக இல்லை. அதை இன்று யார் வாங்குவான்? யாரோ ஒரு ஆள் பாதிப் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

நாலு வருஷத்தில் முதல் தரமாகப் பையில் ஒன்றும் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். குட்வில் எஸ்டேட் ஏற்றத்தில் மூச்சு வாங்க இரண்டு இடத்தில் நின்றேன். கிராம்பை மென்றுகொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 30. திங்கள்.

அலமாரி காலி. ஒன்று மட்டும். கண்ணாடி தினமும் பனிக்கிறது. கடைக்கு வருகிறவர்கள், "பான் போட்டிருக்கீங்களா அண்ணே" என்கிறார்கள்.

ஜூன் எட்டாம் தேதியை இங்கே எழுதிவிட வேண்டும். எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அன்று சீஃப் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "வினோத், இதை நாப்பதுக்குக் குறைச்சு வை. தினம் அரை அரையா இறக்குறேன். நீ சொன்ன கணக்குதான். விட்டுறலாம்னு இருக்கேன்" என்றார். நாற்பதுக்குப் பொருந்துகிற காயில் என்னிடம் இல்லை. அடுத்த கப்பலுக்குப் பத்து நாள் இருந்தது. இல்லை என்று சொன்னால் விட்டுவிடுவார், வாடிக்கை போய்விடும். கையிருப்பில் இருந்த பெரிய காயிலைப் போட்டேன். 61 வைத்தேன். "பையில கிடக்கும்போது தானா மாறாம இருக்கப் பூட்டியிருக்கேன் சீஃப்" என்றேன். எப்படித் திறப்பது என்று சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அந்தச் சின்னத் திரை தெரியாது, கண்ணாடியும் போட மாட்டார். அது எனக்குத் தெரியும்.

தெரிந்துதான் செய்தேன்.

அக்டோபர் 6. ஞாயிறு.

மத்தியானத்துக்கு மேல் செம்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு மரைன் ஹில் போனேன். வாசலில் நிற்கும்போதே அக்கா, "இங்க வர ரெண்டு மாசம் ஆச்சே தம்பி, உங்களுக்கு" என்றார். உட்கார வைத்தார். உள்ளே போய் ஒரு சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

என் கையெழுத்து. ஜூன் 8, 61, 4210.

"மூடிக்கு அடியில இருந்துச்சு. ஒங்க கடைக்கு வர்றதுக்கு முன்னாலயே எடுத்துட்டேன். திரையில இருந்த நம்பரையும் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"அப்ப ஏன்கா என்கிட்ட..."

"மூணு வருசத்துக்கு முன்னால அவரோட நானும் கடைக்கு வந்தேன். இது நெஞ்சுக்கு ஆகுமான்னு ஒங்களத்தான் கேட்டேன். 'வெறும் ஆவிதான்கா' ன்னீங்க. ஒங்க வார்த்த எவ்வளவுக்குத் தேறும்னு பாக்கணும்னு இருந்துச்சு. பாத்துட்டேன்."

குரல் ஏறவே இல்லை. கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அங்கே சத்தம் போட்டு ஒன்றும் ஆகாது என்று ஒருமுறை சீஃப் சொல்லியிருக்கிறார்.

"அந்த எரநூத்தி அம்பத்தி மூணுல நாப்பத்தொண்ணு என்னுது" என்றார். "அவர் போனப்புறம் வீட்ல அந்த வாசன இல்ல. வெளக்கு வக்கிற நேரத்துக்கு ஒண்ணு இழுப்பேன். இருமல் வரும். நாப்பத்தொரு நாள். போதும்னு வச்சேன். மீதி இருநூத்திப் பன்னண்டு அவரோடது. சத்தியம் பண்ணிட்டு ஏன் தம்பி அப்படிச் செஞ்சார்? அதுதான் எனக்குத் தெரியல."

சொன்னேன். நாற்பது கேட்டது, காயில் இல்லாதது, 61, பூட்டு. ஒன்றும் விடாமல்.

அக்கா சீட்டை எடுத்து அலமாரித் தட்டில் வைத்தார்.

"வராந்தால உக்காந்து அந்தப் பொத்தான அழுத்திக்கிட்டே இருப்பார். டிக் டிக்னு. என்னங்கன்னா ஒண்ணுமில்லம்பார். வெரல் நுனி செவந்து கிடக்கும். எறக்கத்தான் பாத்திருக்கார்."

பெட்டியை மேசையில் வைத்து, தினமும் நடப்பதை மட்டும் சொன்னேன். பேட்டரியைப் போட்டுக் காட்டினேன். 4515, வாட் 35. பேட்டரியை உருவி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. துறைமுகத்தில் விளக்குகள் ஏறின. ஒன்றும் இல்லை.

"நாம இப்படி வெறிச்சுப் பாத்துக்கிட்டிருந்தா அவர் எப்படி இழுப்பார்?" என்றார் அக்கா. "எனக்குத் தெரியாமத்தானே பழக்கம். எந்திரிங்க."

வராந்தாவில் போய் நின்றோம். அக்கா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். உள்ளே, காலி அறையில், டிக் என்று ஒரு சத்தம்.

பான் வாசனை வந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

4516. வாட் 34.5.

"எதுவரைக்கும் எறங்கும்?"

"அஞ்சு. அதுக்குக் கீழ பெட்டியில கிடையாது."

"எத்தன நாளாகும்?"

"ஐம்பத்தொம்பது. டிசம்பர் நாலு."

"இங்கயே இருக்கட்டும். எறங்கட்டும். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நீங்க வந்து நம்பரப் படிங்க. நான் கண்ணாடி போட்டுச் சரி பாப்பேன்."

அக்டோபர் 13. ஞாயிறு.

விளக்கு வைத்த பிறகு போனேன். 4523. வாட் 31. அக்கா மூக்குக்கண்ணாடி போட்டு, திரையை விளக்குப் பக்கம் திருப்பி, உதட்டுக்குள் படித்தார். பிறகுதான் டீ.

அக்டோபர் 27. ஞாயிறு.

தீபாவளி. போனேன். 4537, 24. கண்ணாடி போட்டுப் பார்த்தார். முறுக்கு கொடுத்தார்.

நவம்பர் 10. ஞாயிறு.

4551, 17. இப்போது வாசனை அவ்வளவாக இல்லை. நிற்கிற இடத்திலிருந்து தலையைத் திருப்பினால்தான் தெரிகிறது.

எனக்கும் ஏற்றத்தில் ஒரு இடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

நவம்பர் 24. ஞாயிறு.

4565, 10. "வாட் இவ்வளவு குறைஞ்சா ஆவியே வராதுக்கா" என்றேன்.

"வராட்டி என்ன. பழக்கம்தானே போகணும்" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

டிசம்பர் 4. புதன்.

ஞாயிறு இல்லை என்றாலும் போனேன். அக்காவும் எதிர்பார்த்துத்தான் இருந்தார். வராந்தாவில் நின்றோம். ஒரு டிக். மெதுவாக.

4575. வாட் 5.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.

டிசம்பர் 8. ஞாயிறு.

நாளைக்குச் செம்புப் பெட்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறேன். முன்பே ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். நானே மறைத்து வைத்திருந்தேன் என்று சொல்லப் போகிறேன். மறைத்தது உண்மைதானே. அபராதம் போட்டால் போடட்டும்.

சாயங்காலம் மரைன் ஹில் போனேன். வராந்தாவில் நின்றோம். இருட்டியது. சத்தம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றோம். ஈரக்காற்றில் கடல் வாசனை மட்டும்.

உள்ளே போய், 4575-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்கப் பேட்டரியைப் போட்டேன். ஒன்று கீழே விழுந்து உருண்டது, குனிந்து எடுத்தேன். திரை எரிந்தது. ஒருமுறை படித்தேன். இன்னொரு முறை படித்தேன்.

அக்காவின் மூக்குக்கண்ணாடி அலமாரித் தட்டில், அந்தச் சீட்டின் மேல் இருந்தது.

"அதே நம்பர்தான் அக்கா" என்றேன். "ஒண்ணு கூட ஏறல."

அக்கா தட்டுப் பக்கம் ஒரு அடி வைத்தார். அப்புறம் நின்றார்.

"சரி தம்பி" என்று சொல்லிவிட்டு, டீ போட உள்ளே போனார். கண்ணாடி அங்கேயே இருந்தது.